பழைய ஸ்டீரியோ ஆம்ப்பை வாங்கிய அன்றே ஆன் செய்யாதீர்கள்: பெங்களூரில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

என் முதல் பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என் வீட்டில் அரை நிமிடம்கூட உயிரோடு இருக்கவில்லை. பெங்களூர் சண்டே பஜாரில் பேரம் பேசி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்து அல்சூருக்குக் கொண்டுவந்து, தூசிகூடத் துடைக்காமல் பிளக்கைச் சொருகினேன். முன்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது. என்ன அழகு என்று நினைக்கும்போதே அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா, ஏதோ கருகுது?" என்றார். அணைத்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 100 வோல்ட் என்று போட்டிருந்தது. ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த செட். நம் சுவரில் வருவது 230. டிரான்ஸ்ஃபார்மர் போயே போச்சு.

விற்றவரைக் குறை சொல்ல முடியாது. அவர் "ஓடும்" என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு ஆம்ப்கள் கைமாறிவிட்டன. அவற்றில் தெரிந்துகொண்டது இது: நாற்பது, ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த ஆம்ப், புது முதலாளி கையில் முதல் மாலையில்தான் சாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, அந்த முதல் மாலையைப் பற்றித்தான்.

1970களிலும் 80களிலும் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் வேறு சமாச்சாரம். அதற்குள் 400 வோல்ட் அளவுக்கு இருக்கும், கற்றுக்கொள்வதற்கான இடம் அதுவல்ல. ஆசை இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். (பெங்களூருக்கும் வால்வுக்கும் சொந்தம் உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் செய்த இஎல்84 வால்வுகளை இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.)

எந்த மாதிரி செட்

மூன்று வகை கண்ணில் படும். பாட்டுப் பெட்டிகளைச் சொருகுகிற இடம், பாஸ் ட்ரெபிள், பவர் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அது இன்டகிரேட்டட் ஆம்ப். அதோடு ரேடியோவும் சேர்ந்தால் ரிசீவர். ப்ரீ (சிக்னலைத் தேர்ந்து சீர்செய்வது) தனி, பவர் (ஸ்பீக்கரை ஓட்டுவது) தனி என்று இரண்டு பெட்டியாக வருவது மூன்றாவது வகை. முதல்முறை வாங்குபவர்களுக்கு இன்டகிரேட்டட்தான் நல்லது. உள்ளே சாமான் குறைவு, கை நுழைய இடம் இருக்கும், கெட்டுப்போக இருப்பதும் குறைவு.

ரிசீவர் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். 70களில் ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகளுக்குள் வாட் போட்டியே நடந்தது. அதன் உச்சிக்குப் பக்கத்தில் 1978இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980. ஒரு பக்கத்துக்கு 270 வாட், எடை 35 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. அதை மூன்றாவது மாடிக்குத் தூக்குவது யார்? அதோடு ஜப்பான் உள்ளூர் ரிசீவராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் அந்த ஊர் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். பெங்களூரில் நாம் கேட்கும் 91.1, 101.3, 102.9 எதுவும் அந்த டயலிலேயே கிடையாது. ஊசி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும், இரைச்சல் மட்டும் வரும். செட் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிப் போகாதீர்கள்.

நம் ஊரில் கிடைப்பவற்றை வந்த வழியை வைத்துப் பிரிக்கலாம். துபாய், சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கொண்டுவந்த சான்சூய், அகாய், டெக்னிக்ஸ், கென்வுட் ஒரு வகை. இவற்றில் பெரும்பாலும் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும், 110, 120, 220, 240 என்று. அது 220 அல்லது 240இல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாவது, பழைய சாமானாக இறங்கும் ஜப்பான் உள்ளூர் செட், அதாவது என் கதாநாயகன். மூன்றாவது நம் நாட்டுச் செட்: சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ். வெளிநாட்டில் செய்தது இல்லை என்பதால் இவற்றை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். முதல் ஆம்ப்புக்கு நான் கைகாட்டுவது இந்த வகையைத்தான். 230 வோல்ட்டுக்கென்றே செய்தது, மெக்கானிக்குகள் பலமுறை திறந்து பார்த்தது.

ஜப்பான் செட்டே வேண்டும் என்றால் 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கட்டாயம் வேண்டும். செட்டின் முதுகில் எத்தனை வாட் இழுக்கும் என்று எழுதியிருக்கும். 200 என்று இருந்தால் 500 விஏ வாங்குங்கள். இறுக்கிப் பிடித்து வாங்கினால் அது சூடாகி முனகும். ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானிலேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்பதால் அந்த ஊர்ச் செட்டுகள் இரண்டுக்கும் தோதாகத்தான் செய்யப்பட்டிருக்கும். அமெரிக்க உள்ளூர் செட் அப்படியல்ல. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகலாம்.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்

டூ-இன்-ஒன் செட்டுகளின் மேல் 1000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்சக் கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலம் நினைவிருக்கிறதா? அதே கூத்து அமெரிக்காவில் 60களிலேயே நடந்தது. பீக் பவர், மியூசிக் பவர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். 1974இல் அந்த நாட்டு வணிக ஆணையம் விதி போட்டது: தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், ஒவ்வொரு சேனலுக்கும் எவ்வளவு, எத்தனை ஓமில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு சிதைவோடு என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால்தான் அதற்குப் பிறகு வந்த விவரப் புத்தகங்களில் '8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது 40 வாட், சிதைவு 0.1 சதவீதம்' என்று நீளமாக இருக்கும். அப்படி நீளமாக எழுதியிருந்தால் நம்பலாம். வெறும் '100 வாட்' என்று நின்றால் சந்தேகப்படுங்கள்.

சரி, எத்தனை வாட் வேண்டும்? வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' அளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 20 வாட் ஆம்ப்புக்கும் 40 வாட் ஆம்ப்புக்கும் விலை எவ்வளவு வித்தியாசப்பட்டாலும் சத்தத்தில் அந்த 3 டெசிபல்தான் வித்தியாசம். இரவு எட்டு மணிக்கு ஹாலில் பாட்டுக் கேட்கும்போது உங்கள் ஆம்ப் ஓரிரண்டு வாட்டைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கும். மிச்சம் எல்லாம் தவில் அடி விழுகிற கணத்துக்கான கையிருப்பு.

1978இல் வந்த என்ஏடி 3020தான் இதற்குச் சிறந்த சாட்சி. காகிதத்தில் 20 வாட். பார்க்கவும் சாம்பல் நிறத்தில் எளிமையாக இருக்கும். ஆனால் கணநேர உச்சங்களுக்கு அதைவிட நிறையவே தாங்கும்படி செய்திருந்தார்கள். பளபளப்பான பெரிய செட்டுகளுக்கு நடுவே உலகம் முழுக்க ஓடியது அது.

வாங்கும் இடத்தில்

சண்டே பஜார் பிவிகே ஐயங்கார் ரோடு, சிக்பேட்டை பக்கம் ஞாயிறு அதிகாலையில் கூடும். வெயில் ஏறுவதற்குள் நல்ல சாமான் போய்விடும். கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளை), ஒயர், மீட்டர் வாங்க எஸ்பி ரோடு. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். இரண்டு இடத்திலும் கன்னடம், உருது, தமிழ் மூன்றும் ஓடும். கடைக்காரர் யாராக இருந்தாலும் 'அண்ணா' என்று தொடங்குங்கள். விலை சரியாகக் குறையாது என்றாலும் செட்டைத் திருப்பிப் பார்க்க விடுவார்.

கையோடு ஒரு டார்ச், போனிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயர், பெரிய பின்னுக்கு மாற்றும் அடாப்டரோடு ஒரு மலிவான இயர்போன் கொண்டுபோங்கள். நல்ல ஹெட்ஃபோனைக் கொண்டுபோகாதீர்கள். ஏன் என்று பின்னால் புரியும்.

முதலில் தூக்கிப் பாருங்கள். எடை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரிலும், டிரான்சிஸ்டர் சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்க்கிலும்தான் இருக்கிறது. பெட்டி பெரிதாக இருந்து கை லேசாக உணர்ந்தால் உள்ளே விசேஷம் இல்லை. அப்புறம் மூக்கைப் பயன்படுத்துங்கள். மேல்மூடி ஓட்டைகளில் முகர்ந்தால் தூசி வாசனை வரலாம், கருகல் வாசனை வரக்கூடாது. மூடித் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் பலர் திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

டார்ச்சை ஓட்டை வழியாக அடித்தால் நிறையத் தெரியும். பெரிய கண்டென்சர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், பொரித்த பூரி மாதிரி உப்பியிருக்கக் கூடாது. ஹீட் சிங்க்கில் இருக்கும் நான்கு பவர் டிரான்சிஸ்டர்களில் மூன்று ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி என்றால் ஒருமுறை எரிந்து, கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். போர்டில் கண்டென்சர் அடியில் கரும்பழுப்பாக ஏதாவது படர்ந்திருந்தால், அது கசிவாகவே இருக்க வேண்டியதில்லை. ஜப்பானியச் செட்டுகளில் பாகங்கள் ஆடாமல் இருக்க ஒருவகைப் பசை போட்டார்கள். புதிதில் வெளிர் நிறமாக இருந்த அந்தப் பசை, வருடக்கணக்கில் சூடுபட்டுக் கறுத்து, பக்கத்துக் கம்பிகளை அரிக்கவும் மின்சாரத்தைக் கடத்தவும் தொடங்கிவிடும். சுரண்டி எடுக்கலாம், வேலை அதிகம்.

பெங்களூரிலேயே இருந்த செட்டும் கடலோர ஊரில் இருந்த செட்டும் உள்ளே வேறு வேறு மாதிரி இருக்கும். சென்னை, மும்பையிலிருந்து வந்ததென்றால் அடித்தகடு, திருகு, சொருகும் இடங்களில் துருவும் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். விற்பவரிடம் நைசாக ஊரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஃப்யூஸையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுற்றியிருந்தால் அந்தச் செட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, காரணத்தை யாரும் தேடவில்லை என்று அர்த்தம்.

கடையில் கரண்ட் இருந்து, வோல்டேஜும் பொருந்தி, ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த செட் என்றால் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆன் செய்து மூன்றிலிருந்து ஐந்து வினாடிக்குள் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பீக்கரை இணைக்கும். டக் வராவிட்டால் கோளாறு இருக்கிறது. (எல்லா செட்டிலும் ரிலே கிடையாது. சில பழைய செட்டுகளில் ஸ்பீக்கருக்கு முன்னால் பெரிய கண்டென்சர் ஒன்றே காவல். 1967இல் வந்த குவாட் 303 அந்த வகை.) நாப் திருப்பும்போது கரகரவென்று வந்தால் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம், செட்டை விட்டுவிட வேண்டியதில்லை. அது அழுக்கு, போய்விடும். வால்யூமை முழுதாகக் குறைத்த பிறகும் அடித்தொண்டையில் 'ஊம்' என்று ஹம் கேட்டால் அது பெரும்பாலும் கண்டென்சர் வயதாகிவிட்டதன் அடையாளம்.

முதல் மாலை: குண்டு பல்பு

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இப்போது பிளக்கைச் சொருகாதீர்கள்.

முன்பு சொன்ன என் ஆம்ப்பின் பிணத்தை எடுத்துக்கொண்டு போனபோது, சிவாஜிநகர்ப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்துவந்த பெரியவர் ஒருவர், "ஒரு குண்டு பல்பு போட்டிருந்தா இது பொழச்சிருக்கும் தம்பி" என்றார். அவர் சொன்னது சீரிஸ் லேம்ப். எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இருக்கும் மரப்பலகைச் சாமான்தான். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் ஒரு பல்பு ஹோல்டர் வழியாகப் போய் சாக்கெட்டைச் சேர வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான். கரண்ட் வேலை பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் அரைமணி நேரத்தில் கட்டிக் கொடுப்பார்.

எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும், 60 வாட் அல்லது 100 வாட். இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு, வெள்ளையாகக் கனிந்தால் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆம்ப் ஆரோக்கியமாக இருந்து கொஞ்சம் கரண்டே இழுத்தால் பல்பு வழிவிடும். உள்ளே ஷார்ட் இருந்து வெறிபிடித்து இழுத்தால் பல்பு முழுதாக எரிந்து, கரண்ட்டைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். ஆம்ப்புக்குப் போக வேண்டிய நெருப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அந்தப் பலகை வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரியும், அது கண்டென்சர்கள் நிரம்பும் நேரம். அப்புறம் மங்கி, இழை மட்டும் சிவந்தோ, அதுகூடத் தெரியாமலோ நின்றால் பிழைத்தோம். பளிச்சென்றே நின்றால் உடனே அணையுங்கள். பவர் டிரான்சிஸ்டர், டயோட் பக்கம் ஷார்ட். அது மெக்கானிக் வேலை. பல்பு போட்டிருக்கும்போது ரிலே டக் சொல்லாமல் இருக்கலாம், விளக்கு மங்கலாக எரியலாம். வோல்டேஜ் குறைவாகப் போவதால் வருவது, பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் அப்படியே விட்டு, வாசனை, புகை, சூடு எதுவும் இல்லையென்றால் அணையுங்கள்.

என் ஆம்ப்பை அன்று இந்தப் பல்பில் போட்டிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, நானும் பின்பக்கம் திருப்பிப் பார்த்திருப்பேன்.

மூடியைத் திறந்தபின்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். 40, 50 வாட் ஆம்ப்பில் இரண்டு பெரிய கண்டென்சர்கள், ஒவ்வொன்றிலும் 35, 40 வோல்ட் தேங்கி நிற்கும். ஆளைக் கொல்லும் அளவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்தால் பட்டாசு வெடிக்கும், கூடவே நல்ல டிரான்சிஸ்டரும் போகும். ஐந்து நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து அந்தக் கண்டென்சர் கால்களில் அளந்து பாருங்கள். இன்னும் இருந்தால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பு போட்ட கொறடில் பிடித்து ஒரு நிமிடம் வைத்தால் இறங்கிவிடும். கையை வைப்பதற்கு முன் போனில் ஒவ்வொரு ஒயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நினைத்த ஒயர்தான் ஞாபகம் இருக்காது.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். நாப்களுக்கும் ஸ்விட்சுகளுக்கும் காண்டாக்ட் கிளீனர் வேண்டும். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரேயை இதில் அடிக்காதீர்கள். முதல் நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துவைத்து நிலைமையை மோசமாக்கும். காண்டாக்ட் கிளீனரைக் கன்ட்ரோலின் பின்பக்க ஓட்டையில் ஒரு சொட்டு விட்டு, நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முப்பது முறை திருப்புங்கள். ஸ்விட்ச் என்றால் முப்பது முறை அழுத்துங்கள். 'ஒரு பக்கம் ஸ்பீக்கர் வருவதில்லை' என்று அரை விலைக்கு விற்கும் செட்டுகளில் பல, இந்த வேலையோடு சரியாகிவிடும். மிச்சத்தில் பாதி, ரிலேயின் உள்முனை கறுத்துப்போனதால் வருவது. அதே வோல்ட், அதே கால் அமைப்புள்ள புது ரிலே போட்டால் தீர்ந்தது.

காய்ந்த பிறகு, மறுநாள்தான் அடுத்தது.

இரண்டு அளவுகள்

எஸ்பி ரோட்டில் வாங்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதல் அளவு, ஸ்பீக்கர் முனையில் வரும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். பாட்டு என்பது ஏசி. ஸ்பீக்கருக்கு டிசி போனால் அதன் கூம்புத் தாள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சூடாகி, கடைசியில் கருகும். மலிவான இயர்போனைக் கொண்டுபோகச் சொன்னது இதற்காகத்தான்.

பல்புப் பலகையை எடுத்துவிட்டு, சரியான வோல்டேஜில் ஆன் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில் பத்து நிமிடம் விடுங்கள். மீட்டர் முனைகளை ஒரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். அப்படியே மறு சேனல்.

இரண்டாவது அளவு பயஸ். பாட்டே இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டர் விட்டு, கீழ்ப்பாதியை அடுத்தது பிடிக்கும் இடத்தில் ஒரு தட்டல் விழுந்து, மெல்லிய சத்தங்கள் சொரசொரப்பாகும். அதிகமானால் ஹீட் சிங்க் தோசைக்கல்லாகும். பவர் டிரான்சிஸ்டரோடு சேர்ந்த வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டரின் இரு முனையில் வரும் மில்லிவோல்ட்டை அளந்து, அதை ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் மில்லியாம்பியர் வந்துவிடும். 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 21 மில்லியாம்பியர். உங்கள் செட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அதன் சர்வீஸ் மேனுவல்தான் சொல்ல வேண்டும், நானோ நண்பரோ அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயஸைத் திருத்தும் குட்டித் திருகு, பழைய செட்டுகளில் திறந்த கார்பன் வகையாக இருக்கும். நாற்பது வருட அழுக்கு. ஆன் செய்த நிலையில் அதைத் திருகினால், முனை ஒரு கணம் விட்டுப்போய் பயஸ் எகிறி, டிரான்சிஸ்டர்கள் ஜோடியாகப் போகும். அளந்து பாருங்கள், ஆனால் திருகாதீர்கள். அளவு சரியில்லை என்றால் மூடிய வகை புதுத் திருகு போட்டுத் திருத்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா

தேவையில்லை என்பது என் கருத்து. சிலர் வாங்கிய வாரமே ஐம்பது, அறுபது கண்டென்சரையும் பிடுங்கிப் போடுவார்கள். அதில் ஒன்று தலைகீழாகப் போனாலும், ஒரு போர்டுத் தடம் உரிந்தாலும், ஓடிக்கொண்டிருந்த செட் ஓடாத செட்டாகிவிடும். ஹம் இருந்தாலோ, தலை உப்பியிருந்தாலோ, ஒரு சேனல் மட்டும் மந்தமாக இருந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ரெசிஸ்டர், நல்ல கம்பெனி டிரான்சிஸ்டர் எல்லாம் நம்மைவிட அதிக நாள் இருக்கும். ஈரப்பசையை உள்ளே வைத்திருக்கும் கண்டென்சர்தான் வறண்டுபோகிறது. அதன் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, அதனால் ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்பவைதான் முதலில் போகும்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது மேலே, சூடு 105 டிகிரி தாங்குவது. மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு சேனலை முடித்துக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கோளாறு வந்தால் ஒப்பிட ஒன்று மிஞ்சும்.

பவர் டிரான்சிஸ்டர் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2என்3055 என்று கேட்டால் பத்துக் கடையில் கொடுப்பார்கள். பத்தும் உண்மையாக இருக்காது. உள்ளே சின்னச் சில்லை வைத்து மேலே பெரிய பெயரை அச்சடித்த போலிகள் உலகச் சந்தை முழுக்க இருக்கின்றன. லேசாகப் பாடும்வரை தெரியாது, வால்யூமை ஏற்றிய அன்று தெரியும். மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

இணைத்துக் கேட்க

முதல் நாள் வீட்டில் இருக்கும் மட்டமான ஸ்பீக்கரைப் போடுங்கள். நல்லது மறுநாள்.

போன், புளூடூத் பெட்டி, சிடி எல்லாம் ஆக்ஸ் அல்லது டியூனர் என்று எழுதிய இடத்தில் சொருகலாம். போனோ என்று எழுதிய இடம் ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும். ரெக்கார்ட் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட், அதாவது பல நூறு மடங்கு. அதோடு இசைத்தட்டில் பாஸைக் குறைத்தும் ட்ரெபிளை ஏற்றியும்தான் பதிவார்கள், போனோ பகுதி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்யும். அமெரிக்க ஒலிப்பதிவுச் சங்கத்தின் பெயரால், 1954இலிருந்து வழக்கில் உள்ள ரியா அளவு அது. அதனால் போனை போனோவில் சொருகினால் அலறும். ரெக்கார்ட் பிளேயரை ஆக்ஸில் சொருகினால் இளையராஜாவின் எக்கோ ரெக்கார்டுகூட டப்பாவுக்குள் கொசு பாடுவது போலக் கேட்கும். பிளேயரிலிருந்து தனியாக வரும் ஒல்லி ஒயரைப் பின்பக்கம் இருக்கும் கிரவுண்ட் திருகில் மாட்டுங்கள், ஹம் போய்விடும்.

பிலிப்ஸ் போன்ற ஐரோப்பிய வழிச் செட்டுகளில் ஐந்து ஓட்டையுள்ள வட்டச் சாக்கெட் இருக்கும். அதற்கான மாற்று ஒயர் எஸ்பி ரோட்டில் கிடைக்கும்.

எல்லாம் மாட்டியும் சத்தமே இல்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். முன்பக்கம் டேப் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அழுந்தியிருந்தால் ஆம்ப், இல்லாத டேப் ரெக்கார்டரிடமிருந்து பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று எழுதிய துளைகளை இணைத்து வளைந்த கம்பித்துண்டு இரண்டு இருக்க வேண்டும். என்ஏடி 3020இலும் உண்டு. கைமாறும்போது முதலில் தொலைவது அதுதான். அது இல்லாவிட்டால் ப்ரீயும் பவரும் துண்டிக்கப்பட்டுவிடும். குட்டி ஆடியோ ஒயர் இரண்டு போட்டால் போதும். இந்த ஒரு கம்பிக்காக 'டெட் செட்' என்று ஒதுக்கிய ஆம்ப் ஒன்றை நான் சல்லிசாக வாங்கியிருக்கிறேன். விற்றவரிடம் அன்று சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பீக்கர் ஏ, பி என்று இரண்டு ஜோடி மாட்ட இடம் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பெரும்பாலும் 8 ஓமும் 8 ஓமும் சேர்ந்து 4 ஆகிவிடும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடி என்றால் 2. பல பழைய ஆம்ப்கள் அதைத் தாங்காது. ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் ஒரு மயிரிழைச் செம்புகூட அடுத்த முனையைத் தொடக் கூடாது.

தாழ்ந்த சத்தத்தில் பாஸை ஏற்றிக்கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானைக் கண்டு முகம் சுளிக்கும் ஆடியோ ரசிகர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும். சத்தம் குறையும்போது காது முதலில் பாஸைத்தான் தவறவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியது அது. இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, தாழ்ந்த வால்யூமில் அந்தப் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். பகலில் ஏற்றி வைக்கும்போது எடுத்துவிடுங்கள்.

ஆம்ப்பின் தலையில் எதையும் வைக்காதீர்கள், முக்கியமாக ரெக்கார்ட் பிளேயரை. மேலே நான்கு விரல் இடைவெளி வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அது எங்கே படுக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலே கம்பி வலை ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

கடைசியாக, மூடியைப் பூட்டும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, இரண்டு சேனலின் டிசி, பயஸ் அளவு, என்ன மாற்றினீர்கள், வோல்டேஜ் திருகு எதில் நிற்கிறது என்று எழுதி உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஹீட் சிங்க்குக்குத் தள்ளி. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நாளாவட்டத்தில் மங்கிவிடும்.